எதிர்க்கருத்துக்காரரோடு இரண்டு மணி நேரம்: பேச்சை அமைக்கும் முறை

ஆழமான நம்பிக்கை வேறுபாடு உள்ளவர்களை ஓரிடத்தில் உட்காரவைத்தால், பேச்சு பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்திலேயே தடம் புரண்டுவிடும். அவர்களுடைய குணம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் யார் முதலில் பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது, குறுக்கே பேசினால் யார் நிறுத்துவது என்று எதையும் முன்கூட்டி முடிவு செய்யாததில்தான் பாதிக் கோளாறு இருக்கிறது. ஒழுங்கில்லாத பேச்சில் நல்ல மனிதர்களும் சீறுவார்கள். ஒழுங்கு சரியாக இருந்தால் முன்கோபிகளும் காது கொடுப்பார்கள். அந்த ஒழுங்கை அமைப்பது எப்படி என்பதை இங்கே பார்ப்போம். ஆறு பேர், ஒரு நெறியாளர், இரண்டு மணி நேரம் என்பது நாம் எடுத்துக்கொள்ளும் அளவு. இருவர் மட்டும் பேசுவதற்கான சுருக்கமான முறையும் பின்னால் வருகிறது.

இவ்வளவு பாடு எதற்கு? 2005இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. தாராளவாதச் சாய்வுள்ள போல்டர் ஊர்க்காரர்களைத் தனியாகவும், பழமைவாதச் சாய்வுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊர்க்காரர்களைத் தனியாகவும் சிறு குழுக்களாக உட்காரவைத்து, பருவநிலை மாற்றம் உள்ளிட்ட மூன்று விஷயங்களைப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்தபோது இரு தரப்புமே தொடங்கிய இடத்தைவிட இன்னும் ஓரத்துக்குப் போயிருந்தன. குழுவுக்குள் முன்பு இருந்த சின்னச் சின்ன வேறுபாடுகளும் சுருங்கியிருந்தன. நம்மவர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நமக்கு இப்படித்தான் ஆகும். நம் தரப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தயங்காமல் சொல்லக்கூடியவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்தான்.

எந்த வகைப் பேச்சு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தியத் தத்துவத்தின் தருக்கப் பிரிவான நியாய தரிசனம் விவாதத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. உண்மையை அறியப் பேசுவது வாதம். வெல்வதற்காகப் பேசுவது சல்பம். தனக்கென ஒரு நிலைப்பாடும் வைக்காமல், எதிராளி சொல்வதை உடைப்பதற்காக மட்டுமே பேசுவது விதண்டை. நாம் அன்றாடம் விதண்டாவாதம் என்று சொல்வது இதைத்தான். நாம் அமைக்கப்போவது முதல் வகை. அழைக்கும்போதே அதை ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: "யாருடைய கருத்தையும் மாற்றுவதற்காகக் கூடவில்லை, ஒருவர் நினைப்பதை மற்றவர் சரியாகப் புரிந்துகொள்ளக் கூடுகிறோம்." இந்த வரியைப் படித்துவிட்டு வரத் தயங்குபவரை வற்புறுத்தாதீர்கள். அவர் வந்தால் பட்டிமன்றம் பேசத்தான் வருவார்.

தலைப்பை 'வேண்டுமா, வேண்டாமா' என்ற வடிவில் வைக்கக் கூடாது. "மரண தண்டனை தேவையா?" என்று கேட்டால் ஆறு பேரும் முதல் நொடியிலேயே இரண்டு அணியாகிவிடுவார்கள். "மிகக் கொடிய குற்றம் நடந்த பிறகு, குற்றவாளிக்கும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் சமூகம் என்ன கடமைப்பட்டிருக்கிறது?" என்று கேட்டால் அதே வேறுபாடு வெளியே வரும், ஆனால் காரணங்களோடு வரும். கேள்வியை எழுதியதும் இரு தரப்பிலும் ஒருவரிடம் காட்டி, "இதில் எந்தச் சொல்லாவது உங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒருவர் ஆம் என்றாலும் மாற்றி எழுதுங்கள்.

ஆட்கள்

தரப்புக்கு மூவர். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அது தாங்கும் அளவு. எட்டுப் பேர் வரை சமாளிக்கலாம். பத்தைத் தாண்டினால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

எந்தத் தரப்பிலும் ஒருவரைத் தனியாக விட்டுவிடக் கூடாது. 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்குக்கூட, சுற்றியிருந்த எல்லாரும் தவறான விடை சொன்னதால் பலர் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு அவர்களோடு ஒத்துப்போனார்கள். சரியான விடையைச் சொல்ல உடன் ஒரே ஒருவர் இருந்தபோது அந்தப் பணிவு வெகுவாகக் குறைந்தது. ஐவருக்கு எதிரே ஒருவரை உட்காரவைத்தால் அவர் அடங்கிப்போவார், அல்லது வெடிப்பார். இரண்டிலும் பயனில்லை.

ஒருவர் மற்றவருக்குச் சம்பளம் கொடுப்பவராகவோ மதிப்பெண் போடுபவராகவோ இருந்தால் அந்த இருவரையும் ஒரே அமர்வில் சேர்க்காதீர்கள். எதிரெதிர்க் குழுக்கள் சந்திப்பதால் வெறுப்பு குறைய வேண்டுமென்றால் சந்திப்பில் சம நிலை, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, பெரியவர்கள் அல்லது அமைப்பின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். முதலாவதாக அவர் சொன்ன சம நிலைதான் நடைமுறையில் அதிகம் மறக்கப்படுகிறது.

ஓர் இயக்கத்தின் அதிகாரபூர்வப் பேச்சாளர்களையும் இந்தச் சிறு அமர்வுக்கு அழைக்க வேண்டாம். அறையில் இல்லாத தொண்டர்களுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் பேசியாக வேண்டியிருக்கும்.

நெறியாளர் ஒவ்வொருவரையும் முன்கூட்டித் தனித்தனியாக இருபது நிமிடம் சந்திக்க வேண்டும். மூன்று கேள்விகள் போதும். இதில் எதைப் பேச ஆசைப்படுகிறீர்கள்? எந்தச் சொல் காதில் விழுந்தால் உங்களுக்குக் கோபம் வரும்? எது நடந்தால் எழுந்து போய்விடுவீர்கள்? ஒரு தரப்பு மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து 'தயார்' செய்யாதீர்கள். கொலராடோவில் நடந்ததை நீங்களே சிறிய அளவில் நடத்தியதாகிவிடும்.

ஒரு எல்லையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் மற்றவருக்கு மிரட்டல் விடுத்திருக்கிறார் என்றாலோ, ஒருவர் தானும் மனிதர்தான் என்பதையே மெய்ப்பிக்க வேண்டிய நிலை என்றாலோ, இந்த அமர்வை நடத்தக் கூடாது. அங்கே தேவைப்படுவது பாதுகாப்பு.

அறை, நேரம், ஒப்பந்தம்

மேசை வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, இரு தரப்பையும் மாற்றி மாற்றி உட்காரவையுங்கள். எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தால் உடம்பே அணி பிரிந்துவிடும். எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு கடிகாரம் இருக்கட்டும். 'பிறகு சரிபார்க்க' என்று தலைப்பிட்ட பெரிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். அதன் வேலை பின்னால் தெரியும். செல்போன்கள் அணைந்திருக்க வேண்டும். வீடியோ, ஒலிப்பதிவு, பார்வையாளர் எதுவும் கூடாது. பார்க்க ஒருவர் இருந்தாலும் பேச்சு அவரை நோக்கித் திரும்பிவிடும், எதிரே இருப்பவர் சாக்காகிவிடுவார்.

தொடக்கத்தில் கீழ்க்கண்டவற்றை வாசித்து, ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சம்மதம் வாங்குங்கள். தலையாட்டல் போதாது. பிறகு குறுக்கிடும்போது "நீங்கள் ஒப்புக்கொண்டதுதானே" என்று நெறியாளர் சொல்ல முடிவது இந்தச் சம்மதத்தால்தான்.

- 'நான்' என்று பேசுவோம். 'நாங்கள்', 'எல்லாரும்', 'உங்க ஆளுங்க' வேண்டாம்.
- நேரம் முடிந்ததும் வாக்கியத்தை முடித்து நிறுத்துவோம்.
- பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் 'விட்டுவிடுகிறேன்' என்று சொல்லலாம், காரணம் கேட்கப்படாது.
- இங்கே யார் என்ன சொன்னார் என்பது வெளியே போகாது.

மொத்தம் 120 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: அறிமுகமும் ஒப்பந்தமும் 10, இரண்டு தொடக்கச் சுற்றுகள் 30, திருப்பிச் சொல்லுதல் 35, இடைவேளை 10, கேள்விகள் 25, முடிப்பு 10. இடைவேளையை நேரமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். தண்ணீர் குடிக்கப் போகும் இடத்தில்தான் பலர் முதன்முறையாக எதிர்த்தரப்பு ஆளிடம் சாதாரணமாகப் பேசுவார்கள்.

தொடக்கச் சுற்றுகள்

முதல் சுற்றில் கருத்தைக் கேட்காதீர்கள். "உங்கள் வாழ்க்கையில் எது நடந்ததால் இந்த விஷயம் உங்களுக்கு முக்கியமானது?" என்று கேளுங்கள். கேட்டதும் அரை நிமிடம் எல்லாரும் அமைதியாக யோசிக்கட்டும். பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம். யாரும் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. கருத்தை மறுக்கலாம், ஒருவருக்கு நடந்ததை மறுக்க முடியாது. அதனால்தான் அனுபவம் முதலில் வருகிறது. டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கல்லா இருவரும் 2016இல் வெளியிட்ட கள ஆய்வில், வீட்டு வாசலில் நடந்த சுமார் பத்து நிமிட உரையாடல், திருநர் மீதான விலக்கத்தைக் குறைத்தது. அந்த மாற்றம் குறைந்தது மூன்று மாதம் நீடித்தது. வீடு தேடிப் போனவர்கள் அங்கே புள்ளிவிவரங்களை அடுக்கவில்லை. வீட்டுக்காரர் தாமே எப்போதாவது ஒதுக்கப்பட்ட, வித்தியாசமாகப் பார்க்கப்பட்ட அனுபவத்தை நினைவுக்குக் கொண்டுவந்து பேச வைத்தார்கள்.

இரண்டாம் சுற்றுக் கேள்வி இந்தக் கையேட்டிலேயே மதிப்பு மிக்கது: "உங்கள் நிலைப்பாட்டில் உங்களுக்கே முழு நிம்மதி இல்லாத இடம் எது?" அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய 'பொது உரையாடல் திட்டம்' என்ற அமைப்பு கருக்கலைப்பு பற்றிய தன் அமர்வுகளில் இப்படிப்பட்ட ஒரு கேள்வியைத் தவறாமல் வைத்தது. மரண தண்டனை வேண்டும் என்பவர், நிரபராதி ஒருவர் தூக்கில் போய்விட்டால் என்ன செய்வது என்று உறுத்துவதாகச் சொல்வார். வேண்டாம் என்பவர், கொலையுண்டவரின் தாய் முகத்தைப் பார்த்துத் தன்னால் அதைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை என்பார். அறையின் இறுக்கம் இங்கேதான் தளரும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் தன் சந்தேகத்தைச் சொன்னதும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்" என்றால் அவர் அதன் பிறகு வாயே திறக்க மாட்டார். சொந்தத் தரப்பார் முறைத்தாலும் அதே விளைவுதான். ஆகவே சுற்றைத் தொடங்கும்முன் நெறியாளர் சொல்லிவிட வேண்டும்: "இங்கே சொல்லப்படும் சந்தேகத்தை யாரும் பிறகு ஆயுதமாக எடுக்கக் கூடாது." எடுத்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், இரண்டாம் முறைக்குக் காத்திருக்காதீர்கள்.

திருப்பிச் சொல்லுதல்

எதிர்த்தரப்பில் ஒருவரோடு ஒருவராக மூன்று ஜோடிகள். முதலாமவர் மூன்று நிமிடம் தன் நிலைப்பாட்டையும் காரணத்தையும் சொல்வார். கேட்டவர் ஒரு நிமிடத்தில் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வார். சொன்னவர் "ஆம், அதுதான்" என்றால் முடிந்தது. இல்லையென்றால் எது விடுபட்டது என்று சொல்ல வேண்டும். கேட்டவர் மறுபடி முயல்வார். மூன்று முயற்சி வரை போகலாம். பிறகு முறை மாறும். 'எதிராளி சொன்னதை, அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே உன் பதில்' என்ற இந்த விதியை உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951இல் ஓர் உரையில் முன்வைத்தார். நன்னூலில் பவணந்தி முனிவர் அடுக்கும் எழுவகை மதங்களில், அதாவது பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளில், ஒன்று 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவு'. பிறர் கருத்தை மறுப்பவர்கூட முதலில் அதைத் தான் ஏற்று நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஏற்று நிற்றலைத்தான் இங்கே பழகுகிறோம். களைவதற்கு இன்று வேலையில்லை.

இதில் வழக்கமாக மூன்று பிழைகள் வரும். கிளிப்பிள்ளை போல அதே சொற்களை ஒப்பிப்பது ஒன்று. அது ஞாபகசக்தியைத்தான் காட்டும். 'ஆனால்' என்று வாலை ஒட்டுவது இரண்டாவது. மூன்றாவது, கருத்தைச் சுருக்குகிறேன் என்று மலிவாக்குவது. "குற்றவாளி செத்தால் போதும் என்கிறீர்கள்" என்பது மலிவாக்கல். "பறிபோன உயிருக்கு அரசு என்ன மதிப்புத் தருகிறது என்பது தண்டனையின் அளவில்தான் தெரியும் என்கிறீர்கள்" என்பது திருப்பிச் சொல்லுதல். இரண்டையும் கேட்கும்போது சொன்னவரின் முகத்தைப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

முதல் முயற்சியிலேயே எல்லாரும் "ஆம்" என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். மரியாதைக்காகச் சொல்லியிருப்பார்கள். "விடுபட்டது ஒன்றே ஒன்று இருந்தால் அது என்ன?" என்று நெறியாளர் கேட்க வேண்டும்.

கேள்விகள், தகவல்கள், சொற்கள்

இடைவேளைக்குப் பிறகு ஒருவரை ஒருவர் நேரடியாகக் கேட்கலாம். கேள்விக்கு ஒரே சோதனை: இதற்கான பதில் உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரியும் என்றால் அது குற்றச்சாட்டு. "இதையெல்லாம் எப்படித்தான் நம்புகிறீர்கள்?" என்பதில் கேள்விக்குறி இருக்கிறது, கேள்வி இல்லை. "எந்தத் தகவல் கிடைத்தால் உங்கள் கருத்து கொஞ்சமாவது நகரும்?" என்பது உண்மையான கேள்வி. கேட்டவர் அதே கேள்விக்குத் தானும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

கொள்கைத் திட்டம் எதையாவது ஒருவர் ஆதரித்தால் 'ஏன்' என்று கேட்பதைவிட 'அது எப்படி நடக்கும், படிப்படியாகச் சொல்லுங்கள்' என்று கேட்பது நல்லது. ஏன் என்று கேட்டால் அவரவர் காரணங்களை இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். லியோனிட் ரோசன்பிளிட், பிராங்க் கீல் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப் போன்ற சாதாரணப் பொருட்கள் இயங்கும் விதத்தைப் படிப்படியாக விளக்கச் சொன்னபோது, தங்களுக்கு அது எவ்வளவு புரியும் என்று மக்கள் போட்டுக்கொண்ட மதிப்பெண் குறைந்தது. 2013இல் அரசியல் கொள்கைகளை வைத்துச் செய்த ஆய்விலும் அதே சறுக்கல் தெரிந்தது. இந்தக் கேள்வியை இரு தரப்பிடமும் கேளுங்கள். ஒரு தரப்பிடம் மட்டும் கேட்டால் அது பொறி.

தகவல் தகராறு கிளம்பினால், முதலில் அது எந்த வகை என்று பிரியுங்கள். மரண தண்டனையால் கொலைகள் குறைகின்றனவா என்பது ஆராய்ந்து பார்க்க வேண்டியது. 'நீதி' என்ற சொல்லுக்கு இருவரும் ஒரே பொருள் கொள்கிறார்களா என்பது சொல் பற்றியது. அரசு ஓர் உயிரை எடுக்கலாமா என்பது மதிப்பீடு பற்றியது. முதல் வகை இரண்டு நிமிடத்தில் தீரவில்லை என்றால் சுவரில் இருக்கும் தாளில் எழுதிவிட்டு நகருங்கள். தரப்புக்கு ஒருவராக இருவர் சேர்ந்து அடுத்த சந்திப்புக்குள் அதைச் சரிபார்க்கட்டும். தகவலையும் கருத்தைப் போலவே 'அவரவர் பார்வை' என்று விட்டுவிடுவது பெருந்தவறு. பிழையைத் திருத்தினால் எதிராளி இன்னும் பிடிவாதமாவார் என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது பரவலாக நம்பப்பட்டது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அந்த விளைவு பெரும்பாலும் தென்படவில்லை. ஆகவே திருத்துங்கள், ஆனால் ஆதாரத்தோடு, எல்லார் முன்னாலும் மூக்குடைக்காமல்.

சொல் தகராறுக்கு நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1994 டிசம்பர் 30 அன்று பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் இரண்டு கருக்கலைப்பு மருத்துவ நிலையங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து இரு பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு ஆதரவுத் தரப்பில் மூன்று பெண்கள், எதிர்ப்புத் தரப்பில் மூன்று பெண்கள், எல்லாருமே அறியப்பட்ட தலைவர்கள், ரகசியமாகச் சந்திக்கத் தொடங்கினார்கள். கருவில் இருப்பதற்கு ஒரு தரப்பு சொல்லும் பெயரை மறு தரப்பால் காதால் கேட்க முடியவில்லை. கடைசியில் 'மனிதக் கரு' என்பதில் நின்றார்கள். அது யாருக்கும் முழுத் திருப்தி தராத சொல். அதுதான் அதன் தகுதி. உங்கள் அமர்விலும் இரு தரப்பும் பொறுத்துக்கொள்ளும் சொல்லைத் தேடுங்கள். பிடித்த சொல்லைத் தேடினால் இரண்டு மணி நேரமும் அதிலேயே போய்விடும்.

கோளாறுகளும் கைவைத்தியமும்

*தாவல்.* "சரி, அப்படியென்றால் அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. பதில் வரும் முன்னே கேள்வி மாறும். "அதைத் தாளில் எழுதிவைக்கிறேன், முதல் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது" என்பது போதும்.

*பூசி மெழுகல்.* "எல்லாரும் நல்லதுதானே நினைக்கிறோம்" என்று அரை மணி நேரத்தில் சமாதானமாகிவிடுவது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் யாரும் எதையும் பேசவில்லை என்று பொருள். "உங்கள் கருத்தில் எதிரே இருப்பவரை மிகவும் உறுத்தக்கூடிய பகுதியைச் சொல்லுங்கள்" என்று கேட்டு வேறுபாட்டை மேலே கொண்டுவாருங்கள்.

*நெறியாளரின் சாய்வு.* சொந்தக் கருத்துக்கு நெருக்கமானவர் பேசும்போது தலை தானாக ஆடும், நேரமும் கொஞ்சம் கூடும். கடிகாரத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. நெறியாளர் தன் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். மறைத்து வைத்துப் பாதியில் வெளிப்பட்டால் நம்பிக்கை போய்விடும்.

*கண்ணீர், கோபம்.* உடனே ஆறுதல் சொல்லப் பாய வேண்டாம். ஒரு நிமிடம் முழு அமைதி. பிறகு அவரிடமே கேளுங்கள்: தொடரலாமா, கொஞ்சம் வெளியே போய் வருகிறீர்களா? குரல் உயர்ந்து மூன்றாம் முறையும் ஒப்பந்தம் உடைந்தால் அமர்வை அத்தோடு முடித்துவிடுங்கள். இழுத்துப் பிடித்தால் அடுத்த முறைக்கு யாரும் வர மாட்டார்கள்.

இருவர் மட்டும் என்றால்

நாற்பது நிமிடம் போதும். ஆளுக்கு ஐந்து நிமிடம் அனுபவம், ஐந்து நிமிடம் திருப்பிச் சொல்லுதல், ஐந்து நிமிடம் சொந்தச் சந்தேகம். மீதிப் பத்து நிமிடம் கேள்விகளுக்கு. நெறியாளர் இல்லாததால் டைமர் அவசியம். எதிரெதிரே உட்காருவதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது பலருக்கு எளிது.

முடிப்பு

கடைசிப் பத்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம்: "இன்று புதிதாகக் கேட்டது எது? இன்னும் புரியாதது எது?" கருத்து மாறியதா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி எல்லாரையும் திரும்பவும் களத்தில் இறக்கிவிடும். பாஸ்டன் பெண்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சந்தித்து, 2001 ஜனவரியில் ஒரே கட்டுரையில் ஆறு பேரும் கையெழுத்திட்டு வெளியே சொன்னபோது, தங்கள் நிலைப்பாடு முன்பைவிட உறுதியாகியிருப்பதாகவே எழுதினார்கள். மாறியது அவர்கள் எதிர்த்தரப்பைப் பற்றிப் பேசும் விதமும், ஒருவர் மேல் ஒருவருக்கு வந்த மரியாதையும்தான்.

பலன் கிடைத்ததா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அமர்வு தொடங்கும் முன், எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை ஒவ்வொருவரும் ஐந்து வரியில் எழுதித் தரட்டும். முடிந்ததும் அதே ஐந்து வரியை மறுபடி எழுதட்டும். இரண்டையும் எதிர்த்தரப்பில் ஒருவர் படித்து, தன் கருத்து சரியாக வந்திருக்கும் வரிகளை அடிக்கோடிடட்டும். இரண்டாம் தாளில் கோடுகள் கூடியிருந்தால் அமர்வு வேலை செய்திருக்கிறது. கோடு விழாத வரிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். மூன்று வாரத்துக்குள் அடுத்த சந்திப்பை வைத்து, அந்த வரிகளிலிருந்தே தொடங்குங்கள்.